பலகைக் கணினியும் இரு கைகளும்

டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியின் காமிரா வழியே மேசையை நோக்கினால், அம்மேசைமீது மனித இதயம் ஒன்று துடிப்பதாகத் திரையில் தோன்றும். மிகை மெய்ம்மை என்பது இதன் பெயர். பெயர் சற்று மிரட்டினும் பொருள் எளிதே. மெய்க்காட்சியின்மேல் வரைந்த உருவம் பொருந்தி நிற்கின்றது. மாணவர் அவ்வுருவைத் திருப்பலாம், பிரித்தும் காணலாம் என்பர். எந்தக் கையால் என்பதைப் பாடம் வாங்குவோர் கேட்பதில்லை.

கருவியோ ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ளது. ஒரு கை அதனைத் தாங்குவதிலேயே முடங்குகின்றது. மறு கையின் இரு விரல்களால் உருவைத் திருகும்போது, தாங்கும் கை அசைய, உடன் காமிராவும் அசைய, தொட நினைத்த வால்வு விரலினின்று நழுவுகின்றது. தட்டையான புகைப்படத்தைப் பெரிதாக்க அமைந்த விரல்முறையை அப்படியே இங்குக் கொணர்ந்ததன் விளைவு இது. சிறுவர் இரண்டொரு முறை முயன்று கருவியை ஆசிரியரிடம் நீட்டிவிடுவர். அதன்பின் அது வேடிக்கையேயன்றிப் பாடமன்று.

எழுதுவோரின் இடக்கை சும்மா இருப்பதில்லை. வலக்கைக்கு ஏற்றவாறு தாளைச் சிறிது சிறிதாக நகர்த்திக் கொடுக்கின்றது. இவ்வேலைப் பங்கீட்டைப் பிரெஞ்சு அறிஞர் ஈவ் கியார் 1987இல் விளக்கினார். தேங்காய் உடைப்போருக்கு இதனை விளக்கவும் வேண்டுவதில்லை! கருவியைத் தாங்கும் கையின் விரல்களும் திரையோரத்தில் பணியாற்ற வல்லவை என்பதை ஜூலி வாக்னரும் உடன் ஆய்வாளரும் 2012இல் காட்டினர். அக்கையின் கட்டைவிரல் காட்சியை அசையாது நிறுத்த, மறு கை உருவைத் திருப்பலாம். இடக்கை வழக்கமுள்ள மாணவர் பொருட்டு இவ்வசதி இரு ஓரங்களிலும் அமைதல் வேண்டும். பாடத்தைப் பரிந்துரைக்கும் களப்பணியாளர், ஒரு பாடவேளை முழுதும் கருவியைக் கையில் ஏந்தி நின்று பார்த்தபின் பரிந்துரைப்பதே முறை.

தாங்கியில் நிறுத்தினால் போதாதோ எனலாம். தாங்கி கையை விடுவிக்கும். உருவைச் சுற்றிவந்து காணும் வாய்ப்பையோ பறித்துவிடும். அச்சிட்ட குறியட்டை இருப்பின் அவ்விழப்பு நேராது. ஜப்பானிய அறிஞர் ஹிரோகாசு காட்டோ 1999இலேயே இத்தகைய அட்டைகளுக்கு மென்பொருள் அமைத்துவிட்டார். இடக்கை அட்டையைத் திருப்ப, இதயமும் உடன் திரும்பும். வலக்கை திரையில் வால்வைத் தொடும். புதுமை குறைவெனினும் நம் வகுப்புகளுக்கு இதுவே ஏற்றது. விரல் குறியை மறைப்பின் உருவமும் மறையும். ஆதலின் அட்டையைச் சுற்றிலும் மூன்று விரல் அகலம் வெற்றிடம் விட்டு வெட்டுதல் வேண்டும்.