நிறநீக்கம் என்றால் வெளுப்பது அல்ல!

போட்டோக்களை எடிட் செய்திடும் புரோகிராம்களில் டிசாச்சுரேட் என்று ஒரு கட்டளை இருக்கும். போட்டோஷாப்பில் கண்ட்ரோல் + ஷிப்ட் + யூ அழுத்தினால் போதும். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் கிடைக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதனை 'வெளுக்கச் செய்வது' என்று எண்ணுகின்றனர். சட்டை வெளுத்தால் நிறம் குறைந்து வெண்மை கூடும். (வெளுத்து வாங்குவது வேறு கதை!) இங்கே படம் வெண்மையாவதில்லை. நிறம் மட்டும் போய், வெளிச்சமும் இருட்டும் சாம்பல் வண்ணத்தில் நிற்கும். எனவே 'நிறநீக்கம்' என்பதே சரியான சொல் என்பேன்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்ததுண்டு, 2023 டிசம்பர் வரை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. எங்கள் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் படகு, வலை எதுவும் தப்பவில்லை. பின்னர் 787 படகுகளைச் சீர் செய்யத் தலா 10,000 ரூபாய் என அரசு அறிவித்தது.

பெரியப்பாவின் நீலநிறப் படகை மொபைலில் படம் எடுத்தேன். மனுவோடு இணைக்க பிரிண்ட் கேட்டபோது, கடைக்காரர் கலர் இங்க் வீணாகுமே என்று நிறத்தை நீக்கிக் கொடுத்துவிட்டார். மனு வாங்கியவர், "கறை எங்கே தம்பி? நிழல் மாதிரி இருக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வீட்டில் கிம்ப்பின் கலர் பிக்கரை வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் படகின் பெயின்ட் 30, 90, 170. எண்ணெய்க் கறை 110, 75, 40. கண்ணுக்கு எவ்வளவு வித்தியாசம்! ஆனால் நிறம் நீக்கும் வழக்கமான கணக்கு, சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆல் பெருக்கிக் கூட்டுவது. நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் விடை 81. பெயின்ட்டும் கறையும் ஒரே சாம்பல்!

கிம்ப்பில் லைட்னெஸ் என்ற வேறு முறையும் உண்டு. மூன்றில் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்கும். அதில் பெயின்ட் 100, கறை 75. ஓரளவு பிரிந்து தெரியும். ஆனால் இம்முறையில் சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் ஒன்றாகிவிடும். எந்த முறையும் எதையாவது விழுங்கத்தான் செய்யும்.

கல்யாண ஆல்பத்திற்கு நிறநீக்கம் அழகுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேதத்தைக் காட்டும் படங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். நிறம் நீக்கி, அதே பெயரில் சேவ் செய்து மூடிவிட்டால் பழைய நிறம் திரும்ப வராது. சேவ் அஸ் கொடுத்து வேறு பெயரிட்டு, அந்தக் காப்பியில் உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள். பெரியப்பாவின் ஒரிஜினல் படம் மொபைலிலேயே இருந்ததால், மறுநாள் கலர் பிரிண்டோடு மறுபடி வரிசையில் நின்றோம்.