தொண்டைக்குள் ஒரு விளக்கு



பிழைப்புக்காகத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து சித்தூர் வந்த குடும்பம் எங்களுடையது. வெல்ல மண்டியில் ஏலம் கூறும் என் மாமாவின் குரல் தெருக்கோடி வரை கேட்கும். முன் ஆண்டு அக்குரல் கம்மிற்று. “கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது” என்றார்கள். கஷாயமும் இருமல் மருந்துமாக ஐந்து மாதம் கழிந்தது. பிறகு திருப்பதியில் ஒரு வைத்தியர் மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் புற்று, அதுவும் முற்றிய நிலையில். பார்க்க ஆனது ஐந்து நிமிஷம். பாராமல் போனது ஐந்து மாதம்!

பௌதிகம் பயிலும் நான் அன்று வெட்கினேன். 1854-இல் மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர், சிறு கண்ணாடியும் வெயிலும் கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். 1954-இல் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவர் ஆசிரியர் ஹாப்கின்ஸும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். இன்றோ 415, 540 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டிய நீல, பச்சை ஒளிகளை மட்டும் பாய்ச்சும் முறை வந்திருக்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் இவ்வொளிகளை விழுங்குவதால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கருத்துத் தெரியும். புற்று தலையெடுக்கும் இடத்தில் அவை புள்ளி புள்ளியாகவும் முறுக்கிக்கொண்டும் தோன்றும். வெள்ளொளியில் தப்புவது இதில் அகப்படலாம். ஆயினும் படம் தீர்ப்பாகாது. சதைத் துணுக்கைச் சோதிப்பதே முடிவு. எங்கே துணுக்கு எடுப்பதென்று படம் வழிகாட்டும்.

குரல் நாணோடு நிற்கும் ஆரம்பப் புற்றைக் கதிர் சிகிச்சையாலோ லேசராலோ பெரும்பாலும் குணப்படுத்தலாம், குரலும் தங்கும். முற்றினால் குரல்வளையையே எடுக்க நேரலாம்.

டாட்டா அறக்கட்டளையின் முயற்சியில் 2022-இல் திருப்பதியில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் வாசலுக்கு வருமுன்பே காலம் கழிந்துவிட்டால், உள்ளே விளக்கு எரிந்து என்ன பயன்? இன்னொரு பெரிய கட்டடத்துக்கு முன்னால், சிற்றூர்க்காரன் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஒரு குழாயும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்பேன்.

நமக்கும் வேலை உண்டு. வெல்ல விலைக்குப் போதுமான தெலுங்கு மாமாவுக்கு வியாதிக்குப் போதவில்லை. பாதி புரிந்து தலையாட்டினார். இருமொழி அறிந்த நாம் ஞாயிறுதோறும் மண்டிகளுக்குப் போய் ஒன்றே ஒன்று சொல்வோம்: “மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் குழாய் விட்டுப் பாருங்கள்; பீடி, புகையிலை, மது உள்ளவர் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.” பட்டிமன்றங்களில் வீணாகும் நம் குரலில் கொஞ்சம் இதற்கும் செலவாகட்டும்.

மாமா பிழைத்துக்கொண்டார். ஏலத்தை இப்போது அவர் மகன் கூறுகிறான். பக்கத்தில் அமர்ந்து, மாமா விரலால் விலை காட்டுகிறார்.