ஏடும் வன்தட்டும்

பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வரலாறு, படியெடுத்தலின் வரலாறேயாகும். ஓலைக்கு ஆயுள் குறைவு. கறையானும் ஈரமும் அதனை அழிக்கும் முன்னர், தலைமுறைதோறும் எவரோ ஒருவர் புதிய ஏட்டில் எழுதிவைத்தார். அதனாலன்றோ, கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல்களை (152, 153) நாம் இன்றும் பயில்கின்றோம்! அந்நூலிலேயே 267, 268 ஆம் பாடல்கள் நமக்குக் கிடைத்தில. உ.வே.சாமிநாதையர் 1894இல் அதனைப் பதிப்பித்தபோதும் அவ்விடங்கள் வெற்றிடங்களாகவே நின்றன.

ஏட்டின் இடத்தை இன்று மடிக்கணினியின் வன்தட்டு பெற்றுள்ளது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சென்று, அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் ஒலிப்பதிவு செய்யும் ஆய்வு மாணவர், அவற்றை அத்தட்டிலேயே சேமிக்கின்றார். பாடிய முதியவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்பதை யாரறிவார்? தட்டும் சாகாவரம் பெற்றதன்று. சுழலும் தட்டுக்கு ஒரு வீழ்ச்சி போதும். அசையும் உறுப்புகளற்ற எஸ்.எஸ்.டி. விரைவானதே; ஆயினும் முன்னறிவிப்பின்றி ஒருநாள் அது செயலிழந்துவிடலாம்.

கணினி தளர்ந்ததும் கடையில் கொடுத்துப் புதிய தட்டில் விண்டோசை நிறுவிவாங்குவது பலரது வழக்கம். இழப்பு நேர்வது பெரும்பாலும் இவ்விடத்தேதான். கோப்புகளை மட்டும் மாற்றினால், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கட்டுரைகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாய்க் காட்சியளிக்கும். புதிய தட்டை யு.எஸ்.பி. உறையிலிட்டு இணைத்து, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் பழைய தட்டை முழுமையாகப் படியெடுப்பதே தக்க முறை. இயங்குதளம், எழுத்துரு, கோப்பு அனைத்தும் உள்ளவாறே இடம்பெயரும். புதிய தட்டின் கொள்ளளவு பழையதற்குக் குறையாதிருத்தல் நலம். பழைய தட்டு ஏற்கெனவே பழுதுற்றிருப்பின், மீண்டும் பெறவியலாத கோப்புகளை முதலில் வேறிடத்திற்கு மாற்றிவிடுதல் வேண்டும்.

படியெடுத்ததோடு கடமை முடிந்ததெனக் கொள்ளலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஏடெழுதுவோரின் பிழை அடுத்த ஏட்டிலும் தொடர்ந்தது போல, பழைய தட்டின் நச்சுநிரலும் சிதைந்த கோப்பும் புதியதிலும் குடியேறும். பல ஏடுகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியரின் விழிப்பு நமக்கும் வேண்டும். புதிய தட்டிலிருந்து கணினியை இயக்கி, கோப்புகளைத் திறந்து, ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தல் இன்றியமையாதது.

ஒரே இடத்தில் ஒரே படி என்பதும் காவலாகாது. கொல்லிமலையில் சாமை முதலிய சிறுதானியங்களின் நாட்டு வகைகளைக் காக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களைக் கொண்டே விதை வங்கிகளை அமைக்க உதவியது. ஓரிடத்து விதை பொய்ப்பினும் மற்றோரிடத்து விதை முளைக்குமன்றோ! ஆய்வுத் தரவுகளுக்கும் இது பொருந்தும். ஒரு படி மாணவரிடமும், ஒன்று துறையிலும், மற்றொன்று வேற்றூரிலும் இருத்தல் வேண்டும்.

ஆடிப் பதினெட்டில் கொல்லிமலை ஓரிக்கு விழா எடுக்கின்றது. அதே நாளில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. படியெடுக்கப்படாமலே நீரோடு போனவை எத்தனையோ! ஆதலின் புதிய தட்டு பல திங்கள் பிழையின்றி இயங்கும்வரை பழையதைக் கைவிடலாகாது. பிறருக்குக் கொடுக்க நேரின் முற்றத் துடைத்தே கொடுத்தல் வேண்டும்; வெறுமனே நீக்கிய கோப்புகளை மீட்டெடுக்க இயலும். நம்மை நம்பிப் பேசிய மலைமக்களின் பெயரும் குரலும் அதில் உள்ளன.

ஆய்வேட்டை ஏற்குமுன் அதன் மூலத்தரவுகளின் ஒரு படியைப் பெற்றுச் சரிபார்ப்பதைத் தமிழ்த்துறைகள் விதியாக்குதல் வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. காக்கப்படுவதோ மீண்டும் பெறவியலாதது. மாணாக்கர் இன்றே இதனைத் தொடங்குவாராக!