தேர் வந்தால் வழி, அட்டை வந்தால் வழக்கு

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் பினாங்குத் தெரு கோயில்வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளித்தேர் தண்ணீர்மலை போய்ச் சேர இரவாகிவிடும். அத்தனை நேரமும் ரோடுகள் அடைப்பு. வழிநெடுக மலைமலையாகத் தேங்காய். உடைத்து முடித்து, ஓட்டை ஓரம் தள்ளிய பிறகுதான் மாடுகள் அடியெடுத்து வைக்கும். செருப்பில்லாத காலில் அந்தப் பிசுபிசுப்பு வீடு வரை கூடவே வரும். 2017 முதல் தங்கத்தேரும் சேர்ந்துகொண்டது. "ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?" என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. சீனர்களும் நேர்ந்துகொண்டு வந்து தேங்காய் உடைக்கிறார்கள்.

அதே ரோட்டில் இருபது பேர் அட்டை பிடித்து நிற்கட்டும், அந்தக் கேள்வி உடனே வந்துவிடும். கேட்பவர்களில் தேருக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்ட நம்மவர்களும் உண்டு.

சட்டமும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டப்படி சமயக் கூட்டம், சவ ஊர்வலம், கல்யாண விருந்து, பண்டிகைத் திறந்த இல்லம் எதற்கும் போலீசுக்கு நோட்டீஸ் வேண்டாம். குறை சொல்ல வருகிறவன் மட்டும் பத்து நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. 2019இல் அது ஐந்து நாளானது. தெருப் போராட்டத்துக்கு அதுவரை அடியோடு தடை. இன்னொன்று, வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஐம்பது மீட்டருக்குள் கூடக்கூடாது. குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. நாடாவைப் பிடித்து அளந்தால் கால் வைக்க எங்கே இடம் மிஞ்சும்?

ரோட்டில் கூட்டம் கூடினால் வரும் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பவுண்டோடு சேர்ந்து பழைய வெள்ளியின் மதிப்பும் 85 காசாக இறங்கியபோது, 1967 நவம்பர் 24 அன்று இங்கே பினாங்கில் தொடங்கிய ஹர்த்தால் கலவரமாகி ஊரடங்கில் முடிந்தது. பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். ஆனால் 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணியையும் நினைக்க வேண்டாமா? அன்று கோலாலம்பூர் ரோட்டில் கண்ணீர்ப்புகையில் இருமியது நம் பிள்ளைகள். போலீஸ் அனுமதிக்குக் காத்திருந்தால் அந்தக் குரல் யார் காதில் விழுந்திருக்கும்?

2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம், நோட்டீஸ் கொடுக்காததற்காக 10,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கும் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் கணக்கில் தாமதமான தீர்ப்பு, சரியான தீர்ப்பு.

ஆம்புலன்ஸ் போக வழி விட வேண்டும், மறுப்பில்லை. அதைத் தேர்க்கூட்டத்திடமும் சொல்லுங்கள், அட்டை பிடித்தவர்களிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது ரோட்டை மறித்து நின்றால், ஹாரன் அடிப்பதற்கு முன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.