கொடி பிடித்த சைக்கிள்காரர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சைக்கிள் மிதிப்பது பெரிய காரியம் இல்லை. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போதுதான் சங்கதி தெரியும். கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம். பிளஸ் ஒன்னில் அரசு தரும் விலையில்லா சைக்கிளில் கியர் கிடையாது. பாதி தூரம் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஒரு நாடு முழுக்கவே இப்படி மேடும் பள்ளமுமாக இருந்தால்? ஆப்பிரிக்காவின் ருவாண்டா அப்படித்தான். ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என்றே அதற்குப் பெயர். உருளைக்கிழங்கு மூட்டையையும் காபிக்கொட்டை மூட்டையையும் மரத்தால் செய்த சைக்கிளில் ஏற்றி, மலைச்சரிவில் உருட்டி வருவது அங்கே பழைய வழக்கம். அந்த மண்ணில் பிறந்தவர் அட்ரியன் நியோன்ஷூட்டி.

1987-ல் பிறந்தவர். ஏழு வயதில் அவர் பார்த்தது 1994-ம் ஆண்டு இனப்படுகொலையை. சுமார் நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள். அதில் அவருடைய சகோதரர்களில் ஆறு பேர் போய்விட்டார்கள். உயிர் தப்பிய சிறுவன் வளர்ந்து, குடும்பத்தில் கிடைத்த பழைய இரும்பு சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தான்.

மேட்டில் வேகமாக ஏறும் பையன்கள் அங்கே நிறைய பேர். அவர்களை யாரும் அளந்து பார்த்ததில்லை. 1981-ல் டூர் டி பிரான்ஸ் ஓட்டிய முதல் அமெரிக்கரான ஜாக் போயர், ருவாண்டாவுக்கு வந்து ஓர் அணியைத் திரட்டினார். பையன்களை நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்து, கால் தரும் சக்தியை ‘வாட்’ கணக்கில் அளந்தார். அந்தக் கணக்கில் தேறியவர்களில் அட்ரியனும் ஒருவர். 2009-ல் தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. சைக்கிள் ஓட்டுவதே சம்பள வேலை ஆனது.

ஜெயிக்காதவருக்கு ஏன் சம்பளம்?

சாலை சைக்கிள் பந்தயத்தில் பரிசு ஒருவருக்குப் போகும். ஆனால் அது அணி விளையாட்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகை ஒட்டி வருகிறவருக்குச் சமதரையில் கால்வாசிக்கும் மேல் உழைப்பு மிச்சம். அதனால் அணித் தலைவரைக் காற்றிலிருந்து காப்பது, பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுப்பது, அவர் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தையே கழற்றித் தருவது என்று மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது. தொழில்முறை ஓட்டக்காரர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை இதுதான்.

அட்ரியன் சொந்த நாட்டில் தேசிய சாம்பியன். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ருவாண்டாவின் கொடியைப் பிடித்து நடந்தவர் அவர். அங்கே மலைச் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார். முன்னணியில் இருப்பவரைவிட ரொம்பவும் பின்தங்கினால் நடுவர்கள் பாதியிலேயே வெளியேற்றிவிடுவார்கள். கடைசி வரை ஓட்டி முடிப்பதே அவருடைய இலக்கு. முடித்தார், 39-வது இடம். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் கொடி அவர் கையில்தான்.

2015-ல் அவருடைய அணி, ஆப்பிரிக்காவில் பதிவான தொழில்முறை அணிகளில் டூர் டி பிரான்ஸில் கலந்துகொண்ட முதல் அணி ஆனது. அதில் ஓட்டிய எரித்ரியாவின் டேனியல் டெக்லேஹைமனோட், மலை ஏற்றத்துக்கான புள்ளிச் சட்டையைச் சில நாள் அணிந்தார். ஒன்பது பேர் கொண்ட அந்தப் பட்டியலில் அட்ரியன் இல்லை. டூர் ஓட்டாமலேயே அவருடைய ஓட்டக் காலம் முடிந்தது.

ஆனால், ஓட்டிக்கொண்டிருந்தபோதே தன் ஊரான ருவாமகானாவில் பிள்ளைகளுக்காக ஒரு சைக்கிள் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 2025 செப்டம்பரில் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் முதல் முறையாக ஆப்பிரிக்க மண்ணில், ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நடந்தது. ஆண்கள் பந்தயம் 267.5 கிலோமீட்டர். கிளம்பியவர்கள் 160-க்கும் மேல். ஓட்டி முடித்தவர்கள் 30 பேர். அந்த மேடுகள் அப்படி!

சமதரையில் தெரியாத திறமை

இந்தியாவிலிருந்தும் வாசல் திறந்திருக்கிறது. 2016-ல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் நவீன் ஜானும் அரவிந்த் பன்வாரும் தனிநபர் நேரப் பந்தயத்தில் ஓட்டினார்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் அண்ணா பிறந்த நாளையொட்டி மாவட்டம்தோறும் சைக்கிள் போட்டி நடக்கிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. கியர் இல்லாத சாதாரண சைக்கிள் போதும். நல்ல ஏற்பாடு. ஆனால் சமதரைப் பந்தயத்தில் உயரமும் உடல் பலமும் உள்ள பிள்ளைகளுக்கே சாதகம் அதிகம். மேட்டில் கணக்கு மாறும். இரண்டு பேரும் 300 வாட் சக்தி தருகிறார்கள், ஒருவர் எடை 75 கிலோ, இன்னொருவர் 55 கிலோ என்றால், ஏற்றத்தில் 55 கிலோக்காரரைப் பிடிக்க முடியாது. ஒல்லியான மலைக் கிராமத்துப் பிள்ளை சமதரையில் ஏழாவதாக வந்து, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அதைக் கண்டுபிடிக்க முதலில் தேவை விலை உயர்ந்த பந்தய சைக்கிள் அல்ல. வாகனம் குறைவாக ஓடும் ஓர் ஏற்றம், எல்லோருக்கும் ஒரே மாதிரி சைக்கிள், தலைக்கவசம், ஒரு ஸ்டாப்வாட்ச், எடை பார்க்கும் மெஷின். இவ்வளவும் ஒரு பி.டி. மாஸ்டரால் முடிகிற காரியம். யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார் என்று நோட்டில் எழுதி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கலாம். இறங்கும்போது மட்டும் பந்தயம் வேண்டாம். ஏற்றம் காலைச் சோதிக்கும், இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும்.

மேடு ருவாண்டாவிலும் உண்டு, கல்வராயன் மலையிலும் உண்டு. அட்ரியனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, அவர் ஏறுவதை ஒருவர் அளந்து பார்த்தது மட்டுமே.