புதுக் கரையில் தூண்டில்

மாற்றல் உத்தரவு கையில் வந்ததும், குடும்பஸ்தர்கள் புதிய ஊரைப் பற்றி விசாரிக்கும் விஷயங்கள் மூன்று: வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், பால்காரர். தூண்டில் பிரியராயிருப்பவர் மட்டும் இம்மூன்றையும் இல்லத்தரசியின் பொறுப்பில் விட்டுவிட்டு, "அங்கே ஆறு உண்டா, ஏரி உண்டா?" என்று கேட்கத் தொடங்குகிறார். இத்தகைய வாசகர்களுக்காகவே இந்த வாரம் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

உதாரணத்துக்கு மேட்டூரையே எடுத்துக்கொள்வோம். காவிரியின் குறுக்கே 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை; நிரம்பினால் 120 அடி; கொள்ளளவு 93 டி.எம்.சி.க்குச் சற்று மேல். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். இவ்வளவு ஜலத்தில் நமக்கு ஒரு மீன் அகப்படாமலா போகும் என்று புதியவருக்குத் தோன்றுவது சகஜந்தான். ஆனால் முதல் நாள் மாலை வரை உட்கார்ந்து, தக்கையைப் பார்த்துக் கண் பூத்து, வெறுங்கூடையுடன் திரும்புகிறவர்களே அதிகம். மீன் தண்ணீர் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அதற்கு இரை இருக்கும் இடமும் ஒளிந்து கொள்ளும் இடமும் உண்டு. அந்த இடங்களோ நீர்மட்டத்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கின்றன.

நீர்த்தேக்கத்தில் மட்டம் ஏறும் காலத்தில், கரையோரப் புல்லும் பூண்டும் புதிதாக மூழ்குகின்றன. அவற்றிலுள்ள புழு பூச்சிகளைத் தேடி மீன்கள் கரைக்கு வருகின்றன. அப்போது தூரமாக வீச வேண்டியதே இல்லை. இடுப்பளவு ஆழமே போதும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து மட்டம் இறங்கும் காலத்தில் நிலைமை நேர்மாறு. கரை நாளுக்கு நாள் பின்வாங்குகிறது; மீனும் ஆழத்தை நாடிவிடுகிறது. அப்போது செங்குத்தான பாறைக் கரைகளையும், பழைய ஓடைகள் வந்து சேரும் வாய்களையும் நாட வேண்டும். விடியற்காலையும் பொழுது சாயும் வேளையும் எந்தக் காலத்துக்கும் ஏற்றவை.

உபகரணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மூங்கில் கழி, தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, சிறு ஈயக் குண்டு, சிறிதும் நடுத்தரமுமாகச் சில முட்கள் இவை போதும். கெண்டை வகைக்குப் பிசைந்த மாவு உருண்டை, கெளுத்திக்கு மண்புழு. மாவை உருட்டும்போது முள்ளின் நுனி மறையும்படி உருட்டினால் போதும். நெல்லிக்காயளவு உருட்டுவது மீனுக்கு விருந்து வைப்பதாகும்.

இவ்வளவையும் எந்த உள்ளூர்ப் பையனும் சொல்லித் தருவான். நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. முதல் நாள் தூண்டிலை எடுத்துச் செல்லாமல், வாயை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். கரையில் பரிசல் கவிழ்த்து வைத்திருக்கும் பெரியவரிடம், "ஐயா, நான் ஊருக்குப் புதிது. இங்கே எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக் கூடாது?" என்று கேளுங்கள். இக்கேள்வியின் பிற்பகுதிதான் முக்கியமானது.

ஏனெனில், அணைக்குக் கீழே ஆற்றில் மழை இல்லாமலே தண்ணீர் ஏறும். பாசனத்துக்காகவும் மின்சார உற்பத்திக்காகவும் மதகுகள் திறக்கப்படுகின்றன. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை முதலிய கதவணைகளிலும் நீரின் போக்கு மாறிக்கொண்டேயிருக்கும். கணுக்கால் நனையாமல் நடந்து போய் நடு ஆற்றுப் பாறையில் அமர்ந்தவர், திரும்பும்போது வழியில்லாமல் தவிக்க நேரிடும். எந்தப் பாறை மூழ்கும், எங்கே சுழல், எங்கே மணல் எடுத்த பள்ளம் என்பதெல்லாம் அங்கே வாழ்பவருக்குத்தான் தெரியும். வெள்ள எச்சரிக்கை அறிவித்த நாளில் ஆற்றுப் பக்கமே போகாதிருப்பது உத்தமம். குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை இருமுறை படிக்கட்டும். மின்கம்பிகள் தாழச் செல்லும் இடத்திலும் நீண்ட கழியை உயர்த்தலாகாது. கடையில் விற்கும் கார்பன் கழிகளில் மின்சாரம் நன்றாகப் பாயும்.

இரண்டாவது, அந்தத் தண்ணீர் ஒருவருடைய பிழைப்பு. நமக்குப் பொழுதுபோக்காயிருக்கும் மீன், பரிசல்காரருக்கு அன்றாட அரிசி. நீர்த்தேக்கங்களிலும் ஏரிகளிலும் மீன்பிடிக்கும் உரிமை குத்தகைக்கோ உரிமச் சீட்டுக்கோ உட்பட்டிருப்பது வழக்கம். ஆகையால் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது கௌரவக் குறைவாகாது. வலை விரித்திருக்கும் இடத்தில் முள்ளை வீசி வலையைக் கிழித்துவிட்டு, "தெரியாது" என்று சொல்வது படித்தவர்க்கு அழகல்ல.

மூன்றாவது விஷயம் மீனைப் பற்றியது. விராலைப் பாருங்கள். மழைக் காலத்தில் நீர்ப்பரப்பின் மீது செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் தென்படும். அவற்றின் அடியில் தாயும் தந்தையும் காவல் காத்து நிற்கும். குஞ்சுகளின் அருகே எது விழுந்தாலும் அவை சீறிப் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரனுக்கு இதைவிடச் சுலபமான வேட்டை கிடையாது. ஆனால் காவலை எடுத்துவிட்டால், அத்தனை குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். ஒரு நாள் குழம்புக்காக ஒரு குலத்தையே அழிப்பதா? செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் கழியைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஆடிப் பெருக்கையொட்டிப் புதுவெள்ளம் வரும்போது சினை கொண்ட மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வரும். அவற்றுக்கும் வழிவிடுவதே தர்மம்.

இது வெறும் ஜீவகாருண்யப் பேச்சல்ல. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்துகொண்டிருந்த உல்லம் மீன், மேட்டூர் அணை எழுந்த பிறகு அருகிப் போயிற்று. காவிரிக்கே உரிய திமில் மஷீர் என்னும் பெருங்கெண்டையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1946-ல் அதன் கிளை நதியாகிய கபினியில் 120 பவுண்டு எடையுள்ள ஒரு மஷீர் தூண்டிலில் அகப்பட்டது. அந்த இனமே 2018-ல் உலக அழிவுப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ளதாகச் சேர்க்கப்பட்டது. 2022-ல் தமிழ்நாட்டில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் தூண்டிலோடு நுழைவது குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் பிடிக்கத் தகுந்தது எது? 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய திலேப்பியாவை, ஜனங்கள் ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கிறார்கள். அது எங்கும் பெருகிக் கிடக்கிறது. உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. மாவுக்கும் புழுவுக்கும் தயங்காமல் வரும். முள்ளைக் கவனித்துச் சுத்தம் செய்தால் வறுவலுக்கு நன்றாயிருக்கும். புதியவர் கைப்பழக்கத்துக்கு இதைவிடத் தகுந்த மீன் வேறில்லை. நாட்டு மீன் சிறியதாக அகப்பட்டால், கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம். உலர்ந்த கையால் தொட்டால் அதன் உடலைக் காக்கும் வழவழப்பு போய்விடும். முள்ளின் எதிர்நாவைக் குறட்டால் நசுக்கி வைத்தால் கழற்றுவதும் எளிது.

தேளி மீனிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். அதன் பக்க முள் குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் அதிகமானால் வைத்தியரிடம் போக வேண்டும்.

புறப்படும்போது அறுந்த தங்கூசியை ஒரு துண்டுகூட விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அது எளிதில் மக்காது. நாரையின் காலையும் நீர்க்காகத்தின் கழுத்தையும் சுற்றிக் கொல்லும். கூடை காலியாயிருந்தால் அதே பரிசல்காரரிடம் ஒரு கிலோ மீன் வாங்கிச் செல்லுங்கள். வீட்டில் யார் பிடித்தது என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பாறையடியில் உட்கார வேண்டும் என்பதை அவரே கூப்பிட்டுச் சொல்வார்.