கொடுங்கையூர் நீரும் வேதியியல் பட்டமும்

பி.எஸ்சி. வேதியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் பெற்றோர் கேட்கிறார்கள். பி.எட்., வங்கித் தேர்வு, மருந்து விற்பனைப் பிரதிநிதி என்று நாம் அடுக்கும் பதிலில் வேதியியலுக்கு இடம் குறைவு. வடசென்னையில் இதைவிட நல்ல பதில் உண்டு.

கொடுங்கையூர் என்றதும் பலருக்கும் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் கழிவுநீரை எதிர் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) வரை கொண்டுசென்று தூய்மையாக்கும் சென்னைக் குடிநீர் வாரிய நிலையம் 2019இல் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். வீடுகளின் கழிவுநீர் அங்கிருந்து மணலி, எண்ணூர் வட்டார ஆலைகளுக்குத் தொழிற்சாலை நீராகக் குழாயில் போகிறது.

இந்த மாற்றத்தின் ஒவ்வொரு படியிலும் ஒரு வேதியியலர் தேவை. கிருமி வளராதிருக்கக் குளோரின் சேர்க்கிறோம். அது மிச்சமாக ஆர்.ஓ. சவ்வை அடைந்தால் அதன் பாலிஅமைடு அடுக்கு ஆக்சிஜனேற்றத்தால் சிதையும். அதனால் முன்கூட்டியே சோடியம் பைசல்பைட்டால் குளோரினை நீக்க வேண்டும். வேதி ஆக்சிஜன் தேவையை அளக்கும் சி.ஓ.டி. சோதனையிலோ நீரிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும். மெர்குரிக் சல்பேட் சேர்த்துக் குளோரைடைக் கட்டாவிட்டால், இல்லாத மாசைக் கூட்டிக் காட்டுவோம். சோதனை முடிந்தபின் பாதரசம் கலந்த அந்தக் கழிவைத் தனியே சேர்த்து அகற்றுவதும் நம் பொறுப்பே.

இவை எதுவும் பாடத்திட்டத்துக்கு வெளியே இல்லை. ஆக்சிஜனேற்ற ஒடுக்கத்தையும் அணைவுச் சேர்மங்களையும் மாணவர் படித்துத்தான் வருகிறார். ஆனால் ஆய்வகத்தில் அவர் கையில் தருவது விடை முன்பே தெரிந்த கரைசல். ஷிப்ட் கெமிஸ்ட் கையில் வருவதோ காலையில் ஒன்றாகவும் மழைக்குப் பின் வேறொன்றாகவும் இருக்கும் மாதிரி. அவர் எழுதும் எண்ணை நம்பித்தான் ஆலை வால்வைத் திறக்கிறது. மாதிரி எடுக்கும் முறை, வெற்றுச் சோதனை, கருவி அளவுத்திருத்தம், பிழை வரம்பு, கையொப்பமிட்ட பதிவேடு ஆகியவற்றைப் பழகாத பட்டதாரியைத் தேர்வாளர் திருப்பி அனுப்புவதில் வியப்பில்லை. இவற்றைப் பழகியவருக்கு நீர் ஆய்வகத்தோடு சுத்திகரிப்பாலை, உரம், சாயம், மருந்து எனத் தரக்கட்டுப்பாடு உள்ள எந்தத் தொழிலின் கதவும் திறக்கும். முதுநிலையும் ஆராய்ச்சியும் நாடுவோருக்கும் இதுவே அடித்தளம்.

இவற்றைப் பழக வழியும் இருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் பழகுநராகச் சேர்த்துக்கொள்ள இடம் தந்தது. வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும் பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியும் இந்த ஆலைகளிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. ஆலைப் புகையையும் கசிவையும் தாங்கி வாழும் வடசென்னைத் தெருக்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆலைகளின் ஆய்வகத்தில் முதல் இடம் கிடைப்பதே நியாயம்.

பேராசிரியர்களே, வரும் பருவத்தில் ஒரு செய்முறை வகுப்பையாவது உண்மையான நீர் மாதிரியில் நடத்துங்கள். ஆலை ஆய்வகத் தலைவர்களே, அருகிலுள்ள கல்லூரியிலிருந்து ஆண்டுக்கு இருவரையாவது பழகுநராக எடுத்து, உதவித்தொகையோடு பொறுப்பும் கொடுங்கள்.